தவக்காலத்தில் முந்நூறு சுருட்டு

1926ஆம் வருஷம் மார்ச் மாதம் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணி. வானத்தில் மேகம் ஒன்றும் இல்லை. கிழக்கிலிருந்து லேசான காற்று. தாழ்வாரத்துச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் அறுபத்தாறு டிகிரி காட்டியது. பெங்களூரில் மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. அந்த நேரத்தில் பிளாக்பள்ளியில் எங்கள் வீட்டு உள்ளறையில் நான் ஒரு தேக்குப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். மழையில் நனைந்த கோணிச்சாக்கு நாலு நாள் மூலையில் கிடந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை வந்தது.

உள்ளே ஆறு சிறிய மரப்பெட்டிகள் இருந்தன. பெட்டிக்கு ஐம்பது வீதம் முந்நூறு திண்டுக்கல் சுருட்டு, என் இளைய மகளின் கல்யாணத்துக்காக வாங்கி வைத்தவை. கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்துநான்கு நாள் இருந்தது. மேலே இருந்த பெட்டியின் லேபிள் தாளைக் கத்தியால் கீறித் திறந்தேன். சுருட்டுகளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் படர்ந்திருந்தது. பூஞ்சை.

நான் புகையிலையைத் தொட்டவன் அல்ல. மூக்குப்பொடிகூடப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் சுருட்டுக்கு எதற்கு இவ்வளவு பாடுபட்டான் என்றால், அதற்குக் காரணம் சம்பந்தி.

மாப்பிள்ளையின் தகப்பனார் சௌத் பரேடு வீதியில் ஒரு வெள்ளைக்காரர் கடையில் சுருட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர். இருபத்தாறு வருஷமாக அதே கவுண்டர். நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது இது:

"வரதட்சணை, பாத்திரம், பண்டம் ஒண்ணும் வேணாங்க. பொண்ணு வந்தா போதும். சாப்பாடு கூடக் கொறைய இருந்தா பரவால்ல. பந்தி முடிஞ்சு சுருட்டுத் தட்டு வரும் பாருங்க, அது மட்டும் நல்லதா இருக்கட்டும். என் சொந்தக்காரங்க எல்லாம் அப்ப என் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் கல்யாண விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டோடு சுருட்டுத் தட்டும் வரும். பெண்ணைப் பெற்றவன்தான் அதைத் தன் கையால் எடுத்துப்போய் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு முதலில் நீட்ட வேண்டும். அவர் ஒன்றை எடுத்துப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். பந்தலில் இருக்கும் அத்தனை கண்ணும் அந்த இரண்டு இழுப்பின்மேல் இருக்கும்.

அதில் என்ன பயம் என்று கேட்கலாம். என் மூத்த மகளின் கல்யாணம் அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் நடந்தது. அன்று பாயசம் ஓர் அண்டாவில் அடிபிடித்துவிட்டது. மூன்று அண்டாவில் ஒன்றுதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குப் போனது அந்த அண்டா. அவள் மாமியார் அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை அவள் அடுப்படிக்குள் போனபோது, "அடிபுடிச்ச வீட்டுப் பொண்ணு வந்துட்டா, பாத்து" என்றாராம். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக, பால் பொங்கினாலும் கறி தீய்ந்தாலும் அந்தப் பேச்சுத்தான். மூத்தவள் அதைச் சொல்லி என்னிடம் ஒருமுறைதான் அழுதாள். எனக்கு அது போதும். இளையவளுக்கும் அப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்ளக் கூடாது. நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

கல்யாணம் முதலில் பிப்ரவரி 10ஆம் தேதிக்குக் குறித்திருந்தது. சுருட்டும் ஜனவரிக் கடைசியில் ரயிலில் வந்து இறங்கிவிட்டது. பிப்ரவரி 6ஆம் தேதி மாப்பிள்ளைக்குச் சின்னம்மை கண்டது. 17ஆம் தேதி சாம்பல் புதன், அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் 12, திங்கட்கிழமை என்று சாமியார் மாற்றிக் குறித்துக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தானே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் சுருட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெங்களூரில் வருஷத்திலேயே காற்று மிகவும் வறண்டு கிடப்பது பிப்ரவரிப் பாதியிலிருந்து ஏப்ரல் வரை. தவக்காலமும் அதேதான். அந்தக் காற்றில் இரண்டு மாதம் கிடந்த சுருட்டைப் பற்றவைத்தால் மேலே சுற்றிய மேலிலை வெடித்துப் பட்டாசுத் தாள் மாதிரி உதிரும்.

இந்த விஷயம் எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். நான் அப்போது மைசூர் சர்க்காரின் வானிலை ஆபீசில் வேலையில் இருந்தேன். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் காற்றின் ஈரத்தை அளந்து எழுதி வந்தவன். அதனால் முறைப்படி செய்வது என்று இறங்கினேன்.

தண்டில், அதாவது பட்டாளத்துக் கண்டோன்மென்டில், இருக்கும் வெள்ளைக்கார ஆபீசர்கள் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விடுவார்கள். அப்படி ஓர் ஏலத்தில் தேக்குப் பெட்டி ஒன்று எடுத்தேன். உள்ளே துத்தநாகத் தகடு அடித்தது, காற்றுப் புகாதது. மூடியில் ஒரு சதுரம் அறுத்துக் கண்ணாடி பதித்தேன். உள்ளே ஆறு சுருட்டுப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு தட்டில் ஈரமான ஸ்பாஞ்சு வைத்தேன். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அவர் கடைக் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு வட்ட டயல் இருக்குமாம். முள் எழுபதில் நிற்க வேண்டுமாம். முழு ஈரக் காற்று நூறு என்றால் அதில் எழுபது.

அந்த எழுபதை அளக்க ஒரு கருவி வேண்டுமே. ஆபீஸ் கருவியை வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் நான் அல்ல. ஆனால் மனிதத் தலைமுடி ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். அதைக் கொண்டு செய்த கருவி ஆபீசிலேயே இரண்டு இருந்தது. அதே மாதிரி நானே செய்தேன். ஒரு பலகை, ஒரு முழ நீளத்தில் ஒற்றை முடி. முடியின் ஒரு நுனியைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தி, மறுநுனியைத் தையல் ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஈயக் குண்டுமணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். ஊசித் தலையில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று. அதுதான் முள். முடி நீண்டால் ஊசி சுழலும், ஈர்க்கு நகரும். முடி என் இளைய மகளுடையது. வீட்டில் நீளமான கூந்தல் அவளுக்குத்தான். கருவியை டிபன் பைக்குள் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோய், மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸ் கருவி முப்பத்தொன்று காட்டியபோது என் ஈர்க்கு நின்ற இடத்தில் முப்பத்தொன்று என்று குறித்து, கணக்குப்போட்டு மற்ற கோடுகளையும் வரைந்தேன்.

பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் முப்பத்துமூன்று. ஒரு வாரம் கழித்து முப்பத்தெட்டு. ஸ்பாஞ்சு போதவில்லை என்று இன்னொன்று வாங்கி வைத்தேன். மூன்றாவது வாரம் நாற்பத்துநான்கு. சோப்புத் தட்டு ஒன்றில் தண்ணீரும் வைத்தேன். துத்தநாகம் தண்ணீர் குடிக்காது. ஆகவே சுருட்டுத்தான் குடிக்கிறது, குடிக்கட்டும், நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுருட்டுப் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்க்கவில்லை. லேபிள் தாள் கிழியாமல் கல்யாணத்தன்று பந்தலில் வைத்து உடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பற்றவைத்துச் சோதிக்கவும் வழியில்லை. வீட்டில் சுருட்டுப் பிடிக்கிறவன் என் மச்சினன் ஒருவன். தந்தி ஆபீசில் வேலை, எங்களோடுதான் இருந்தான். அவனும் தவக்காலத்துக்காகச் சுருட்டை விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வாதம் வைத்திருந்தான்.

"மாமா, நீங்க கணக்குப் பாக்கற ஆளு. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் எண்ணிப் பாருங்க. நாப்பத்தாறு நாள் வருது. தவக்காலம் நாப்பது நாள். அப்ப ஞாயித்துக்கிழமை ஆறும் கணக்குல சேராது. ஞாயித்துக்கிழமை ஒண்ணு புடிச்சா பாவம் இல்ல."

கணக்குச் சரிதான். நான் தலையாட்டப் போனேன். என் மனைவி உள்ளேயிருந்து, "அப்படியா? ஞாயித்துக்கிழமை உனக்குச் சோறும் கணக்குல சேராது, வா" என்றாள். அத்தோடு அந்த வாதம் முடிந்தது.

இப்படி இருபத்திரண்டு நாள் ஓடித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை வந்தது.

மனைவி காப்பித் தம்ளரோடு வந்து என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பூஞ்சை புடிச்சிருக்கு."

"எங்க, காலிலயா?"

"சுருட்டுல."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "தினம் ரெண்டு வேளை தண்ணி காட்டினா ஆகாம என்ன ஆகும்? சுருட்டு என்ன கொத்தமல்லியா?"

"முள் நாப்பத்தேழுதான் காட்டுது. எழுபதே வரல."

"உங்க முள்ளு கெடக்கட்டும். என் மூக்கு காட்டுதே."

ஆபீசுக்குச் சொல்லியனுப்பி லீவு போட்டேன். ஆறு பெட்டியையும் திறந்து, பாயில் பழைய வேட்டி விரித்து, முந்நூறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஸ்பாஞ்சுக்கு அடியிலேயே இருந்த இரண்டு பெட்டிகளில் நாற்பத்தொன்று பூஞ்சை பிடித்தவை. மற்றவற்றில் வெள்ளை இல்லை. ஆனால் எடுத்தால் வாடிய வெண்டைக்காய் மாதிரி வளைந்தன. மச்சினன் வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து பார்த்துவிட்டு, "தட்டிவிட்டா போயிடும் மாமா. நெருப்பு வச்சா எல்லாம் சுத்தம்" என்றான். அவன் அக்கா பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டான்.

வேறு வாங்கலாம் என்றால் வாங்க இடமில்லை. திண்டுக்கல்காரர் பில்லோடு அனுப்பிய கடிதத்திலேயே அந்தத் தரத்து இலை தீர்ந்துவிட்டது, இனி ஆடி மாதம்தான் என்று எழுதியிருந்தார். பெங்களூரில் அந்த மாதிரிச் சுருட்டு கிடைக்கும் கடை ஒன்றே ஒன்று. அதன் கவுண்டரில் நிற்பவர் சம்பந்தி.

அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் மகள் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசித் தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். பத்தரை மணி இருக்கும். முடி இழுத்து இழுத்துத் தொய்ந்துபோயிருக்கும், வேறு மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்து நான் பலகையோடு அவளிடம் போனேன்.

"பாப்பா, இன்னொரு முடி குடு."

"எத்தனைப்பா?"

"ரெண்டு. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு வேணும்."

சிரித்துக்கொண்டே பிடுங்கிக் கொடுத்தாள். நான் அங்கேயே துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துக் கட்டினேன். அவள் குனிந்து வேடிக்கை பார்த்தாள். ஈர்க்கு சட்டென்று துள்ளி மறுகோடிக்குப் போய் நின்றது. அவள் கை பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"நான் தொடலப்பா."

"மூச்சு விட்டியா?"

"மூச்சு விடாம எப்படி இருக்கறது?"

அவள் விலகினாள். ஈர்க்கு மெல்லத் திரும்பி வந்தது. மறுபடி குனிந்து ஊதினாள். மறுபடி ஓடியது. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பழைய முடி மூன்று வாரத்தில் பதினாறு கோடுதான் நகர்ந்தது. இது ஒரு மூச்சுக்குத் துள்ளுகிறது. கழற்றி வைத்த பழைய முடியை எடுத்து அவள் இரண்டு விரலுக்கிடையே இழுத்தாள். பிறகு விரல்களை என் மூக்கருகே நீட்டினாள்.

"தேங்காண்ணெய். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க கேட்டீங்க. எண்ணெய் வச்சுப் பின்னி முடிச்ச ஜடையிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்."

எண்ணெய் பூசிய முடிக்குள் ஈரம் எப்படிப் போகும்? ஆபீசில் உள்ள அச்சுப் புத்தகத்தில், கருவிக்குரிய முடியைச் சோடா நீரில் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நான் அதை இருபது தடவையாவது படித்திருப்பேன். என் மகள் தினம் குளிக்கிறவள், அவள் முடி சுத்தம்தான் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீடுகளில் எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னிய தலைதான் சுத்தமான தலை. எண்ணெய் இல்லாத தலை என்றால் காய்ச்சல்காரர் தலை, அல்லது சாவு வீட்டுத் தலை. புத்தகம் எழுதிய வெள்ளைக்காரனுக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது.

புது முடி கட்டிய கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கண்ணாடி வழியாகப் பார்க்கப் பார்க்க ஈர்க்கு ஏறி, தொண்ணூற்றுமூன்றில் போய் நின்றது. மூன்று வாரமாகச் சுருட்டை நான் கிணற்றுக்குள் வைத்திருந்த மாதிரிதான்.

சொன்னால் விசித்திரமாக இருக்கும், அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முதல் மூச்சு வந்தது. வறண்டு வெடித்த சுருட்டை யாராலும் ஒட்டவைக்க முடியாது. நனைந்ததை உலர்த்தலாம். மேலும், இப்போது என்னிடம் உண்மை சொல்லும் முள் ஒன்று இருந்தது. மறுநாள் அதை ஆபீஸ் கருவியோடு வைத்துக் கோடுகளையும் சரிபார்த்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்றையும் தனியே எடுத்துவிட்டேன். மனைவி அவற்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ரோஜாச் செடியில் பூச்சிக்குத் தெளித்தாள். மீதி இருநூற்றைம்பத்தொன்பது. ஆண்கள் இருநூறு பேருக்குமேல் வரமாட்டார்கள் என்று விருந்தாளிகளை எண்ணி வைத்திருந்தேன். ஸ்பாஞ்சு இரண்டையும் சோப்புத் தட்டையும் எடுத்தெறிந்தேன். தினம் காலையில் மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைத்தேன். அவசரப்பட்டால் மேலிலை முதலில் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும். எட்டு நாளில் முள் எழுபத்தைந்துக்கு இறங்கியது.

அங்கேயே நிறுத்த வேண்டுமே. திறந்தால் வறட்சி, மூடி ஸ்பாஞ்சு வைத்தால் வெள்ளம். அப்போது ஆபீசில் நாங்கள் முடிக் கருவியைச் சரிபார்க்கும் முறை ஞாபகம் வந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்த உப்பை ஒரு டப்பாவில் வைத்து மூடினால் உள்ளே ஈரம் எப்போதும் எழுபத்தைந்தை ஒட்டியே நிற்கும். கூடினால் உப்பு குடித்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். நேராக அடுப்படிக்குப் போய்க் கல்லுப்பு ஜாடியை எடுத்து ஒரு பீங்கான் கிண்ணத்தில் கவிழ்த்தேன்.

"மத்தியானம் குழம்புக்கு?" என்றாள் மனைவி.

"பக்கத்து வீட்டுல வாங்கிக்க."

"நல்லா இருக்கு. கல்யாண வீட்டுல உப்பு கடன் வாங்கினாங்கன்னு அதையும் ஒருத்தி வந்து சொல்லட்டும்." அவளே பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

எழுபத்துநான்கு, எழுபத்தைந்து, எழுபத்துநான்கு. எழுபதுக்கு மேல் இருக்கும் அந்த நாலு ஐந்து என்னை அரித்தது. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அந்த வீட்ல ஏதாச்சும் சொன்னாக்கூட நான் அக்கா மாதிரி அழ மாட்டேன். சிரிச்சிடுவேன்."

"முதல் வருஷம் சிரிப்பே."

அவள் கிண்ணத்து உப்பு காய்ந்துவிட்டதா என்று என்னோடு குனிந்து பார்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் திடீரென்று மாங்காய் மழை கொட்டியது. முக்கால் மணி நேரம். வெளியே காற்றே நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டது. கோயிலிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியிடம் போனேன். எழுபத்தைந்து. முள் அசையவே இல்லை. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் மச்சினன் கையில் ஒன்றைக் கொடுத்தேன். இருநூற்றைம்பத்தெட்டு பாக்கி. அவன் வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாதி வரை இழுத்தான்.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கம் மாமா."

"சரியாச் சொல்லு. ஈரம் ஜாஸ்தியா, கம்மியா?"

"மாமா, நாப்பத்தாறு நாள் கழிச்சு நீங்க வைக்கோலைச் சுருட்டிக் குடுத்தாலும் சொர்க்கம்னுதான் சொல்வேன். என்னைப் போய்க் கேக்கறீங்களே."

ஆக, கல்யாண நாள் வரை எனக்கு முள்தான் சாட்சி.

ஏப்ரல் 12. ஏழரை மணிக்குப் பூசை. பதினொன்றரைக்கு முதல் பந்தி. பாயசம் நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். என் காதில் விழவில்லை. வெற்றிலைத் தட்டு வந்தது. நான் சுருட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பந்தலின் நடுவே நடந்தேன். லேபிள் கிழித்த பெட்டிகளாக இருந்ததால் சுருட்டைத் தட்டிலேயே அடுக்கியிருந்தேன். சம்பந்தி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினார்கள்.

அவர் ஒன்றை எடுத்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் உருட்டினார். நடுவில் லேசாக அமுக்கினார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து அதையும் உருட்டினார். பிறகு முதலில் எடுத்ததையே எடுத்து, நுனி வெட்டி, தீக்குச்சி கிழித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்றவைத்தார். ஓர் இழுப்பு. இரண்டாவது. புகை நேராக மேலே போனது. தலையை ஒருமுறை ஆட்டினார். சுற்றிலும் கைகள் தட்டுக்கு நீண்டன. நிமிஷத்தில் தட்டுக் காலி. மச்சினன் அடுத்த தட்டோடு ஓடி வந்தான்.

நான் போகத் திரும்பியபோது சம்பந்தி என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது." நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தோல் பையை இழுத்துப் பாதி திறந்து காட்டினார். உள்ளே சுருட்டு. "அம்பது இருக்கு. கடையில காசு குடுத்துத்தான் எடுத்தேன்."

"எதுக்குங்க?"

"உங்க மச்சினன் மார்ச் மாசம் கடைக்கு வந்தான். பூஞ்சை புடிச்ச சுருட்டைத் தொடைச்சுட்டுப் புடிக்கலாமான்னு கேட்டான். யாரோ கூட வேலை செய்யறவனுக்காம். தவக்கால வறட்சியில தந்தி ஆபீஸ்ல எவன் வீட்ல சுருட்டு பூஞ்சை புடிக்குது? எனக்குப் புரியாதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"தட்டுலேர்ந்து எடுக்கற மாதிரி எடுத்து, பையில இருக்கறதைப் பத்தவச்சிடலாம்னுதான் வந்தேன். நான் நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டா எங்க ஆளுங்கள்ல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். அம்பது பேருக்கு மாத்திக் குடுத்திருப்பேன். மிச்சப் பேருக்குச் சுருட்டுன்னா என்னன்னே தெரியாது."

"அப்ப இப்ப புடிக்கறது?"

"உங்களுதுதான். உருட்டிப் பாத்தேன், காஞ்சா வர்ற சத்தம் இல்ல. அமுக்கினேன், திரும்ப எழும்பிச்சு. ஒண்ணு தப்பிச்சிருக்கலாம்னு ரெண்டாவதையும் பாத்தேன். அப்புறம் எதுக்கு மாத்தறது?" புகையை விட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "என்ன வச்சீங்க உள்ள?"

"உப்பு."

"உப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்து புகை தொண்டையில் சிக்கி இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினார். நாலைந்து பேர் தங்கள் கையில் இருந்த சுருட்டைப் பார்த்தார்கள். அவர் கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சம்பந்தி ஒரு ஜோக் சொன்னாரு" என்றார். எல்லோரும் மறுபடி இழுக்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சுருட்டை அவர் விரல் சுடும்வரை பிடித்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை அங்குலம் உதிராமல் நின்றது. அதைவிட அந்தப் பையைத்தான் நான் அதிகம் நினைத்தேன். சுருட்டு எப்படி இருந்தாலும் என் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு சொல் ஒட்டியிருக்காது. முள் எழுபதில் நின்றதா எழுபத்தைந்தில் நின்றதா என்பதெல்லாம் அப்புறம்தான். இது மார்ச்சிலேயே தெரிந்திருந்தால் என்று தோன்றியது. தெரிந்திருந்தாலும் நான் கண்ணாடியில் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டேன்.

இப்போது எனக்கு எழுபத்தொரு வயது. மகள் வரும்போதெல்லாம், அன்றைக்குச் சுருட்டைப் பற்றி அந்த வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று இன்றும் கேட்கிறேன். "இல்லப்பா, எத்தனை தடவை கேப்பீங்க" என்கிறாள். கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

சுருட்டு, ரயில் கூலி, ஏலத்துப் பெட்டி, கண்ணாடி, ஸ்பாஞ்சு இரண்டு, உப்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு முப்பத்துநான்கு ரூபாய் இரண்டரை அணா.